பதினோரு ஆம்பியர்

மூச்சு இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, முடிச்சும் போட்டுவிட்டாள். காலை ஏழு மணிக்கு டாக்டர் வந்து கணவரின் கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதிலிருந்து அவள் கை சும்மா இருக்கவேயில்லை. ஏ.சி.யை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். அழத்தான் இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

வாசலில் கொழுந்தன் கார் சாவியோடு தயங்கி நின்றான். மாடியில் குடியிருப்பவன், மின்சார டாக்சி ஓட்டுகிறவன். ராத்திரி முழுக்க அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டதால் வண்டியில் ஆறு சதவீதம்தான் மிச்சம். மகள் வரும் ரயிலோ இரண்டு மணிக்கு. அவள் வந்து அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

“சார்ஜ் போட்டுட்டு அப்படியே பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன் அண்ணி. அங்க வரிசை இருக்கும். மத்தியானம் ஆயிடும்.” சொல்லும்போதே அவன் பார்வை கூடத்தில் கிடந்த அண்ணனிடம் போய்ப் போய் வந்தது.

அவன் ஆசையாக வாங்கிச் சுவரில் மாட்டிய சார்ஜர் எட்டு மாதமாகச் சும்மா தொங்குகிறது. கட்டடங்களுக்கு மின்சுமைக் கணக்குப் போடுவது அவள் வேலை. சொந்த வீட்டில் மட்டும் விட்டுவிடுவாளா? மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் ஓடுவதைக் கால் பங்கு கூட்டித்தான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் சார்ஜருக்கு இருபது ஆம்பியர். மூச்சு இயந்திரத்துக்கும் அந்த அறை ஏ.சி.க்கும் பதினொன்று. மற்றதெல்லாம் பதினேழு. எல்லாம் சேர்ந்து நாற்பத்தெட்டு. வீட்டு இணைப்போ வெறும் நாற்பது. பெரிய இணைப்பு கேட்டு ஐந்து மாதமாகிறது, ஆள் வந்தபாடில்லை. சுமை தாங்காமல் மெயின் ஒருமுறை விழுந்து கரண்ட் நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். “முடியாது” என்று அப்போதே கொழுந்தனிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்.

“அப்போ நான் ஒண்ணேகால் ஆளா?” என்று அந்தக் கால் பங்கைச் சொல்லிப் படுத்தபடியே கேலி செய்தார் கணவர். பிறகு ஒருநாள், “பாவம்டி அவன், தினம் ரெண்டு மணி நேரம் தெருவுல காத்துக் கிடக்கறான். என்னைக் கழிச்சுட்டுப் போட்டுப் பாரேன்” என்றார். அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். அந்த இரண்டு நாளை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

“இங்கேயே போடு” என்றாள்.

“வேணாம் அண்ணி. அண்ணன் இப்படிக் கிடக்கும்போது... எனக்குக் கை வராது.”

“எனக்கு வரும். நீ போய் அவர் பக்கத்துல உட்காரு.”

அலமாரியிலிருந்து கணக்குத் தாளை எடுத்துப் பதினொன்றை அடித்தாள். பதினேழும் இருபதும் முப்பத்தேழு. திரும்பக் கூட்டினாள். அதேதான் வந்தது. கணக்கு அத்தனை ஒழுங்காகப் பொருந்தியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே போய் வண்டியில் செருகி, சுவிட்சை மேலே தள்ளினாள். வண்டிக்குள் மெல்லிய இரைச்சல் எழுந்தது. வாசற்படியில் நின்று, கூடத்து விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம்கூட மங்கவில்லை.