மணிலாவில் படுத்திருந்த புத்தர்

லிகாயாவுக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் அன்றைக்குப் பரத்வாஜின் பெரிய கவலை.

"மேடம், ஒரு வார்த்தை தமிழ் வாயிலேர்ந்து வரக்கூடாது. நீங்க இங்கிலீஷ்ல பேசுங்க, நான் தமிழ்ல எடுத்துச் சொல்றேன். ஃபாரின் லேடி தமிழ் பேசினா எஃபெக்டே போயிடும்" என்று லிஃப்டில் ஏறும்போதே காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டான்.

தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் அவன் அலுவலகம். பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்பிவைப்பது அவன் தொழில். பன்னிரண்டாம் வகுப்பை முட்டி மோதித் தாண்டிய எந்தப் பிள்ளையை ஒப்படைத்தாலும் ஆறு வருஷத்தில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு திருப்பித் தருவதாக அவன் பேசுவதைக் கேட்டால், கீழே பட்டுப்புடவை எடுக்க வந்தவர்கள்கூட முகூர்த்தத்தை மறந்துவிட்டு மாடியேறி வந்து ஒரு சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டுப் போவார்கள். அவன் நீட்டிய வண்ணப் பிரசுரத்தின் அட்டையில் தென்னைமரம், தண்ணீர், ஒரு படகுவீடு.

"இது எங்க நாடா?" என்றாள் லிகாயா.

"கிட்டத்தட்ட, மேடம்."

படகின் நெற்றியில் மலையாளத்தில் பெயர் எழுதியிருந்தது.

லிகாயா பிறந்து வளர்ந்தது இலோஇலோ என்ற கடற்கரை நகரத்தில். கப்பல் என்ஜினியர் பிரபாகரைக் கட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. பிரபாகர் எட்டு மாதம் கடலில் இருப்பான், வீட்டுக்கு வந்தால் நாலு மாதம் தூங்குவான். ஆகவே அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பச்சையம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வருஷம் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பேரம் பேசித் தேறிய தமிழ் அது. அந்தத் தமிழில் அவள் இரண்டு வாக்கியம் பேசினால், மெரினா ஓரத்து ஆட்டோக்காரர்கள் கேட்காமலே மீட்டரைப் போட்டுவிடுவார்கள் என்று மந்தைவெளியில் ஒரு பேச்சு உண்டு.

இந்தக் கூத்துக்கு அவள் சம்மதித்ததற்குக் காரணம் தங்கை ஜோசலின். ஊரில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு. மாடியில் புதிதாக நாலு அறை கட்டி, எட்டுக் கட்டில் போட்டு, எட்டுக்கும் பூப்போட்ட விரிப்பு விரித்து, பிள்ளைகள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் லிகாயா வந்து பேசினால் எட்டுப் பிள்ளைகளை அங்கேயே அனுப்புவதாகப் பரத்வாஜ் சொல்லியிருந்தான்.

போன வருஷமும் ஒருவனை அனுப்பினான். சுத்த சைவம் என்று சொல்லி அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை, மூன்று கிண்ணம் சூப்பை உறிஞ்சிக் குடித்த பிறகு அதில் மிதந்தது காளான் இல்லை என்று தெரிந்துகொண்டது. அதன் பின் பதினோரு நாள் அழுதது. அண்ணாநகரிலிருந்து அதன் அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டுக்காரி உட்பட எல்லோரும் ஜோசலினைப் போனில் திட்டினார்கள். தமிழில் திட்டினார்கள். ஒரு வார்த்தை புரியாமலே ஜோசலின் அழுதாள். "அக்கா, ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் போதும். ஆனால் அழாத பிள்ளையாக அனுப்பு" என்று நேற்று மறுபடியும் கேட்டிருந்தாள்.

கூடத்தில் அறுபது நாற்காலி. பெற்றோர்கள் வாட்டர் பாட்டிலும் ஃபைலுமாக வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்திருந்த ஜெராக்ஸ் காகிதத்தைப் பரப்பினால் பாண்டி பஜார் முழுக்கப் பந்தல் போடலாம். படிக்கப் போகிற பிள்ளைகள் நடுநடுவே செல்போனில் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

லிகாயா ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தாள். பெரியவர்களைப் பார்த்தால் அவர்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும். மார்கழி பிறக்கிற அதே டிசம்பர் பதினாறில் நாங்களும் இருட்டோடு எழுந்து ஒன்பது நாள் மாதா கோயிலுக்குப் போவோம், வாசலில் ஆவி பறக்க அரிசிப் பலகாரம் விற்பார்கள் என்று சொல்ல வேண்டும். அங்கே மார்கழி, இங்கே மார்கழி என்றால் மயிலாப்பூர்க்காரர்கள் மயங்கிவிட மாட்டார்களா?

மைக்கைத் தொடுவதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து முதல் கேள்வி வந்தது.

"தயிர் கிடைக்குமா?"

"எல்லாம் கிடைக்கும் சார். மேடம் முதல்ல பேசட்டும்" என்றான் பரத்வாஜ்.

அவள் ஆங்கிலத்தில், எங்கள் நாட்டில் ஏழாயிரத்துக்கு மேல் தீவுகள் என்று தொடங்கினாள்.

"காலேஜ்லேர்ந்து பீச் நடந்து போற தூரம்னு சொல்றாங்க" என்றான் பரத்வாஜ்.

மூன்று வேளையும் சோறுதான், கூட மீனோ பன்றியோ இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது என்றாள்.

"மூணு வேளையும் சோறு. அப்படியே நம்ம வீட்டுச் சாப்பாடு."

வருஷத்துக்கு இருபது புயல் வரும், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எச்சரிக்கை எண் உண்டு என்றாள்.

"கிளைமேட் நம்ம மெட்ராஸேதான். அப்பப்போ ஜில்லுனு மழை."

வேளச்சேரிக்காரர் ஒருவர் எழுந்தார். "மழைன்னா, வீட்டுக்குள்ள வருமா?"

"வராது சார்."

"அப்ப எங்க தெருவுக்கு இது எவ்வளவோ மேல்" என்று குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மார்கழியைப் பற்றி அவள் சொன்னதைப் பரத்வாஜ், "காலையில சீக்கிரம் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்லுவாங்க" என்று மாற்றினான். அம்மாக்கள் பக்கத்தில் ஒரு ஆனந்தப் பெருமூச்சு எழுந்தது.

இதற்கெல்லாம் லிகாயா பல்லைக் கடித்துக்கொண்டாள். எட்டுக் கட்டில், எட்டுக் கட்டில் என்று மனசுக்குள் ஜபித்தாள். அப்போது வைர மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், "கொழந்தை தங்கற எடத்துல முட்டை கிட்டை சமைக்க மாட்டாளே?" என்று கேட்டாள்.

"முட்டையா! மேடத்தோட சிஸ்டர்தான் ஹாஸ்டலே நடத்தறாங்க. வெங்காயம், பூண்டுகூட உள்ள விடமாட்டாங்க. அவங்களே சுத்த வெஜிடேரியன்!"

"நெஜமாவா?" என்று அந்த அம்மாள் லிகாயாவைக் கேட்க, அவள் தன் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்துப் பரத்வாஜைச் சுட்டிக்காட்டினாள், அவனையே கேளுங்கள் என்று. அங்கே விரலை நீட்டுவது மரியாதை இல்லை. உதட்டால்தான் காட்டுவார்கள்.

"பாருங்கோ, எப்படி உதட்டைப் பிதுக்கறா!" என்றாள் மூக்குத்தி அம்மாள் பக்கத்து நாற்காலியிடம். அதற்குள் லிகாயாவுக்கு எல்லார் மேலும் அலட்சியம் வந்துவிட்டிருந்ததால், அந்த அம்மாள் புரிந்துகொண்டதும் ஒன்றும் தப்பில்லை.

லிகாயா மைக்கைப் பிடுங்கினாள்.

"யோவ் நைனா, நிறுத்து. இன்னா அளந்துவுட்டுக்கினே போற? என் தங்கச்சி பூண்டு இல்லாம சுடுதண்ணிகூட வெக்க மாட்டா. சைவமாம்ல, சைவம்! போன ஞாயித்துக்கெழமை முழுப் பன்னியைச் சுட்டுத் துன்னுட்டு எனக்கு போட்டோ அனுப்பிச்சிக்கீறா!"

செல்போனில் கவிழ்ந்திருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. நாலு வருஷமாகப் பெற்றவர்களால் முடியாத காரியம் அது.

"கேட்டுக்கங்க. தயிர் கெடைக்கும், சக்கரை போட்டு டப்பால. சோத்துல பெசஞ்சா நீங்களே அழுவீங்க. புயல் வந்தா கூரை பறக்கும், மறுநாள் எல்லாம் ஒண்ணா சேந்து மாட்டுவோம். எங்க ஊர்ல யாராவது செத்தா ஒரு வாரம் நடுவூட்ல வெச்சிக்கினு ராத்திரி பகலா சீட்டு ஆடுவோம், செத்தவன் தனியா கெடக்கக் கூடாதுன்னு. கிறிஸ்துமஸ் செப்டம்பர்லயே ஆரம்பிச்சிரும். வாத்து முட்டைக்குள்ள குஞ்சோட அவிச்சி உப்பு தொட்டுத் துன்னுவோம். இதெல்லாம் ஒத்துக்கினா புள்ளைய அனுப்புங்க. என் தங்கச்சி கண்ணுல வெச்சி பாத்துக்குவா. ஒத்துக்காங்காட்டி அனுப்பாதீங்க. அவளைத் திட்டறதுக்கு ஆள் போதும்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. உண்மையைச் சொன்னவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது தருவார்கள் என்று எதிர்பார்த்தாள் பாவம்.

முதல் வரிசையில் விபூதிக்கீற்றோடு ஒரு பெரியவர் எழுந்தார். சுப்பராமன், மயிலாப்பூர். பேத்தியைச் சேர்க்க வந்தவர், ஒரு பக்கம் பேத்தியும் மறுபக்கம் மனைவி காமாக்ஷியுமாக உட்கார்ந்திருந்தார்.

"இது மோசடி" என்றார். "இவ பிலிப்பைன்ஸே இல்லை. காசிமேட்டுலேர்ந்து யாரையோ பிடிச்சிண்டு வந்து கவுன் மாட்டி நிறுத்தியிருக்கான்! நான் மணிலாவுல நாலு நாள் இருந்தவன், என்னை ஏமாத்த முடியாது."

"சார், பாஸ்போர்ட் காப்பி இருக்கு சார்" என்று பரத்வாஜ் கெஞ்சினான்.

"பாஸ்போர்ட் யார் வேணா அடிக்கலாம். நான் கேக்கறேன், பதில் சொல்லட்டும். ஏம்மா, மணிலாவுல கோயில்ல தங்கத்துல புத்தர் படுத்திண்டிருக்காரே, அவர் தலை எந்தத் திக்கு?"

"மணிலால அப்டி புத்தர் யாரும் படுத்துக்கினு இல்ல சார்."

"பார்த்தேளா!" சுப்பராமன் சபையைத் திரும்பிப் பார்த்தார். "சரி, கால்வாய்ல படகு படகா காய்கறி விக்கறாளே, அந்தச் சந்தை பேர் என்ன?"

"அதும் எங்க ஊர்ல இல்ல."

"மொட்டை அடிச்சிண்டு காவித்துணியோட காலங்கார்த்தால பிச்சைக்கு வராளே, அவாளையாவது தெரியுமா?"

"நாங்க எல்லாம் சர்ச்சுக்குப் போறவங்க சார்."

"முடிஞ்சுது! மூணு கேள்வி, மூணும் பூஜ்யம். பொறந்த ஊரைப் பத்தி ஒரு இழவும் தெரியலை, பேச வந்துட்டா!"

கூடமே கைதட்டியது. வேளச்சேரிக்காரர் எழுந்து நின்று தட்டினார். லிகாயாவுக்கு ஒரு கணம், தான் பிறந்தது நிஜமாகவே காசிமேட்டில்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது காமாக்ஷி, கைப்பையில் எதையோ தேடியபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஏன்னா, அது பேங்காக்."

"எது?"

"நீங்க போனது. அங்கேதானே கோயில் வாசல்ல உங்க செருப்பு தொலைஞ்சுது? எனக்குன்னு ஒரு சீப்பு வாங்கிண்டு வந்தேளே. அதுல பேங்காக்னு எழுதியிருக்கு. முப்பது வருஷமா அதாலதான் தலை வாரிக்கறேன்." சீப்பை எடுத்து நீட்டினாள். பல் பாதி போயிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது.

சுப்பராமன் சீப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான்" என்றார். "ஃப்ளைட்ல போறச்சே வித்தியாசமே தெரியாது."

அதோடு கூட்டம் கலைந்தது. பாதிப்பேர் லிகாயாவை நம்பாததால் எழுந்து போனார்கள். மீதிப்பேர் நம்பியதால் எழுந்து போனார்கள். மூக்குத்தி அம்மாள் போகிற போக்கில் வாத்து முட்டையை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பரத்வாஜ் ஒவ்வொருவர் பின்னாலும் லிஃப்ட் வரை ஓடி ஓடித் திரும்பினான். "எட்டு அட்மிஷன் மேடம், எட்டு! ஒரே வாயில முழுங்கிட்டீங்களே!" என்று தலையில் கைவைத்துப் பிரசுரக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

சுப்பராமன் மட்டும் போனவர் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று லிகாயா எழுந்து நின்றாள். ஒரு அழைப்பிதழை நீட்டினார்.

"வர ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்துல நான் பேசறேன், கீழ்த்திசை நாடுகள்னு. பிலிப்பைன்ஸ் பத்தியே முக்கால் மணி நேரம் இருக்கு. நீயும் வந்து உக்காந்து கேளு. உனக்குப் பிரயோஜனமா இருக்கும்."

"படுத்துக்கினு கீற புத்தரும் வருவாரா சார்?"

"அவர்தானே முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குள் போனார்.

அறுபது நாற்காலியும் காலியாகக் கிடந்தன. இல்லை, ஐம்பத்தெட்டு. கடைசி வரிசையில் ஒரு அம்மாவும் பெண்ணும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த வேலம்மா, அவள் மகள் அனு. வேலம்மா எழுந்து நேராக மேடைக்கு வந்தாள்.

"ஏம்மா, நீ பச்சையம்மாவாண்டதானே மீன் வாங்கற?"

"உனக்கு எப்டி தெரியும்?"

"வாயைத் தொறந்ததுமே தெரிஞ்சிப்போச்சி. அவ பேசற மாதிரியே பேசற, அந்த 'அளந்துவுட்டுக்கினே'கூட. எல்லாரும் துண்டு துண்டா வாங்கினு போனா, ஒருத்தி மட்டும் தலையைக் கேட்டு வாங்கினு போவா, சைனாக்காரின்னு பச்சையம்மா சொல்லிக்கினே இருப்பா."

"சைனா இல்ல."

"அது கெடக்குது வுடு. தலையை இன்னா பண்ணுவ?"

"புளிப்பா சூப்பு வெப்போம். சின்ன மீனா இருந்தா வினிகர்ல ஊறப்போட்டு பச்சையாவே துன்னுவோம், இஞ்சி, பச்சமொளகா போட்டு."

"பச்சையாவா? உவ்வே" என்று முகத்தைச் சுளித்தாள் வேலம்மா. அதில் ஒளிவுமறைவே இல்லை. லிகாயாவுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அத்த என் பொண்ணுக்குக் குடுக்காதீங்க. மத்தபடி எது போட்டாலும் துன்னும். புயல் வந்தா யாரு பாத்துப்பா?"

"என் தங்கச்சி. அவ வூடு மேட்டுல கீது."

"புயல் இன்னா புதுசா எங்களுக்கு?" என்றாள் வேலம்மா.

அதற்குள் அனுவும் நோட்டோடு மேடைக்கு வந்துவிட்டாள். "ஆன்ட்டி, படிச்சிட்டு வந்தா இங்க ஒரு எக்ஸாம் எழுதணுமாமே? அந்த சார் அதைப் பத்தியே பேசல."

"எழுதணும். கஷ்டம். நெறைய பேரு ஃபெயிலாவறாங்க. அதனாலதான் அந்தாளு பேசல."

அனு தலையாட்டினாள். கையிலிருந்த நோட்டில் ஏற்கெனவே அதை எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"சரி, அங்க என்ன படிக்கணும்னு உக்காந்து சொல்லுங்க" என்றாள்.

பரத்வாஜ் பிரசுரக் கட்டிலிருந்து துள்ளி எழுந்து படிவத்தோடு ஓடிவந்தான். "மேடம், தண்ணி ஏதாவது..." என்று இழுத்தான். லிகாயா உதட்டைக் குவித்து ஒரு நாற்காலியைக் காட்டினாள், அங்கே போய் உட்கார் என்று. அவனுக்கும் இந்தத் தடவை புரிந்தது. போய் உட்கார்ந்தான்.

போன் ஒளிர்ந்தது. எத்தனை பேர் என்று ஜோசலின் கேட்டிருந்தாள்.

லிகாயா தங்கள் ஊர்ப் பேச்சில் பதில் அடித்தாள்: "ஒருத்தி. மீன் முள் எடுக்கத் தெரியும். அழ மாட்டாள்."