பல்லிக்குள் இருந்தவள்

படத்தில் நான்தான் பல்லி. சூனியக்காரியின் சாபத்தால் பல்லித் தோலுக்குள் மாட்டிக்கொண்ட இளவரசி என்று கதையில் கௌரவமாகச் சொல்வார்கள். செட்டில் இருப்பவர்களுக்கு நான் வெறும் பல்லி. "பல்லி சாப்பிட்டாச்சா?" "பல்லியைக் கூப்பிடு." முதல் பாகத்திலிருந்தே இப்படித்தான். அப்போது எனக்குப் பால் பற்கள்கூட முழுதாக விழவில்லை. முகமூடி செய்வது என் அப்பா. இப்போதெல்லாம் அதன் தாடையை உள்பக்கம் சுரண்டிச் சுரண்டித்தான் என் முகத்தை நுழைக்கிறார்.

அன்று கடைசிக் காட்சி. வளர்ந்துவிட்ட இளவரசி ஏரிக்கரையில் தோலைக் கிழித்து, தன் முகத்தை முதன்முதலாகத் தண்ணீரில் பார்க்கிறாள். அந்த முகம் என்னுடையது இல்லை. தயாரிப்பாளரின் அண்ணன் மகள் வெள்ளை கவுனில் ஓரமாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மோவாய் வரை கிழிக்க வேண்டும். கட். பிறகு என் இடத்தில் அவள் வந்து உட்காருவாள். இத்தனை வருஷம் சேற்றில் நெளிந்தது நான், நிமிர்ந்து உட்காருவது மகாராணியா?

"மோவாயோட நிறுத்திடு கண்ணு," என்றார் அப்பா, பசை தடவிக்கொண்டே. "கிழியற தோல் இது ஒண்ணுதான் இருக்கு. சொதப்பினா டைரக்டர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு. அப்புறம் எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

"உள்ள யாரு இருக்கான்னு யாராவது கேட்டாங்களாப்பா?"

"பேசாத. பசை விட்டுடும்."

பல்லியின் மூக்குத் துளைகள் வழியாகத்தான் பார்க்கவும் வேண்டும், மூச்சு விடவும் வேண்டும். "ஆக்‌ஷன்!" என்றார்கள். ஊர்ந்துபோய்க் கழுத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். ரப்பர் சர்ரென்று கிழிந்தது. மோவாயில் காற்று பட்டது. தண்ணீரில் என் மோவாய் தெரிந்தது, அதில் ஒரு பருவும்.

"கட்!"

கை நிற்கவில்லை. உதடு, மூக்கு, கண். பாதிப் புருவம் பசையோடு பிய்ந்து வந்தது.

டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருய்யா இந்தப் பொண்ணு?"

அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்பா ஓடி வந்தார். "மூச்சு முட்டிடுச்சு சார்! சின்னப் பொண்ணு, பயந்துட்டா." அவர் கை என் தோளை அழுத்தியது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவருடைய வேலையும் தப்பிக்கும்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் வந்துச்சு சார்," என்றேன். "நானாத்தான் கிழிச்சேன். இத்தனை நாளா உள்ள இருந்தது நான்தான்."

டைரக்டர் அப்பாவிடம் திரும்பினார். "நாளையோட செட்டைப் பிரிச்சாகணும். காலைல இதே ஷாட்டை மறுபடி எடுக்கறோம். ராத்திரியே இன்னொரு தோல் வார்த்துடு. முடியலைன்னா இனிமே இந்தப் பக்கமே வராத."

அப்பாவால் முடியும். அச்சு எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவர் என் நெற்றியில் ஒட்டியிருந்த பசையை மெதுவாக உரித்தார். வலித்தது. உரித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாது சார்," என்றார். "அச்சு உடைஞ்சுபோச்சு."