சிவப்பும் மஞ்சளும் ஒரே பேசினில்

கரும்பலகையில் ஒரு கலத்தை வரைந்து, ஒட்டும் புரதம் என்று மனோகரி ரீச்சர் வாயெடுத்தால் போதும், ஊர்காவற்றுறைக் கடற்கரை மணக்கத் தொடங்கிவிடும். தீவைவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடிவந்து நாலு வருடமாகியும் அந்த மணம் அவளை விடவில்லை.

அந்த மணம் அவளோடு ஒட்டிக்கொண்டது எண்பத்து நாலாம் ஆண்டில். மடத்துவெளியில் வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பெண் அவள், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தாள். கிறிஸ்தோப்பர் ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்தான். வலையில் சிக்கும் கடற்பஞ்சை மற்றவர்கள் திட்டிக்கொண்டே எறிவார்கள். இவனோ அவளுக்கென்று ஈரம் காயாமல் எடுத்துவைப்பான். ஏன் என்று கடற்கரை முழுக்கத் தெரியும். படித்தவள் மட்டும் தெரியாதவள்போல் இருந்தாள்.

ஒருநாள் சிவப்புப் பஞ்சையும் மஞ்சள் பஞ்சையும் துணியில் கட்டி, கடல்நீர் நிறைந்த பேசினுக்குள் இருவருமாகப் பிழிந்தார்கள். கலங்கள் தனித்தனியாகக் கழன்று தண்ணீர் குழம்பு நிறமானது. மறுநாள் காலை பார்த்தால், சிவப்பு சிவப்போடும் மஞ்சள் மஞ்சளோடும் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்திருந்தன. மனோகரிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உருண்டைகளைக் கிள்ளியெடுத்துக் காட்டினாள். கலத்தின் மேலிருக்கும் புரதம் தன் இனத்தைத் தேடிப் பிடிக்குமாம். பிடித்த செய்தி உள்ளே போனால்தான் கலம் வளருமாம். பிடி கிடைக்காதது கரைந்து போகுமாம். மூச்சுவிடாமல் சொன்னாள்.

அன்றைக்குக் கலியாணத்துக்குக் கேட்டுவிடுவது என்று புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தான் கிறிஸ்தோப்பர், பாவம்.

"நான் கேக்க வந்ததுக்கு நீர் மறுமொழி காட்டிப்போட்டீர்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தின் பக்கம் நடந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"அது பஞ்சு. அதுக்கு அவ்வளவுதான் தெரியும். எங்கட உடம்பிலை தோல் வேறை, தசை வேறை, நரம்பு வேறை. ஒண்டை ஒண்டு பிடிச்சபடியால்தான் இது கை" என்று நீட்டினாள்.

சிவப்பும் மஞ்சளும் அப்பிய கை. புதுச் சேட்டென்றும் பாராமல், கடற்கரையே பார்த்து நிற்க, அதை நெஞ்சோடு வைத்துப் பிடித்தான்.

தொண்ணூறில் ஆமி தீவுக்குள் இறங்க ஓடிவந்த அவசரத்தில் அந்தக் கறைச் சேட்டு அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டைவிட, வள்ளத்தைவிட, அதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகை வரும்.

"சேட்டுத்தானே அங்கை" என்பான் கிறிஸ்தோப்பர். "ஆள் இங்கை நிக்கிறன்."