எரிகிறதா என்று கேட்டார்கள்

சலவைக்காரர் காலருக்குக் கஞ்சி ஜாஸ்தி போட்டுவிட்டார் என்று என் கணவர் குறைபட்டுக்கொண்டார். ஷெர்வானியின் கழுத்துக் கொக்கி எட்டவேயில்லை. நான்தான் இரண்டு கைகளாலும் இழுத்து மாட்டிவிட்டேன்.

"மூச்சு முட்டுது ரஃபத். இன்டர்வியூல நான் பேசணுமா, வேணாமா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் என் கண் காலருக்குள்ளேயே இருந்தது. வலது பக்கம் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் அவருக்கு ஒரு புண். முதலில் கொசுக்கடி போல இருந்தது. பிறகு சுற்றிலும் நீர் கோத்து, நடுவில் கருகிப்போயிற்று.

அவர் கணிதத்தில் எம்.ஏ. வேலை கிடைக்காமல் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கே சுண்ணாம்புத் தொட்டிகள் உண்டு. சுண்ணாம்பு தெறித்த புண்ணும் கருகத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. ஆனால் அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலைத் தொட்டாலும் கருப்புப் புண் வரும்; அது ஆளையே கொன்றுவிடும். தோல் தரம் பிரிக்கிற என் அத்தா இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்: "எரிஞ்சா சுண்ணாம்பு, எண்ணெய் வை. எரியலன்னா டாக்டர் கிட்ட ஓடு."

அதனால் முந்தின நாள் தேங்காய் எண்ணெய் தடவும்போது கேட்டேன். "எரியுதாங்க?"

"ஐயோ, நெருப்பா எரியுது. ஊதிவிடு."

ஊதிவிட்டேன். பாதி பயம் போயிற்று. மீதி பயம் போகாததால், அவருக்கு வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ நடக்கிற வாணியம்பாடியில் என் சித்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்று சாக்குச் சொல்லி நானும் அவரோடு ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனிலிருந்து ஜட்கா. கல்லூரிக் காரியாலயத்தின் பின்பக்கம், ஜன்னலை ஒட்டிய நிழலில் வண்டிக்காரர் வேதாசலம் வண்டியை நிறுத்தினார். என் கணவர் உள்ளே போனார். நான் திரைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

வேதாசலம் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பயப்படாதீங்கம்மா. உள்ள நாலு பெரிய மனுசங்க வெத்தல மெல்றாங்க. இங்க நம்ம குதிர புல்லு மெல்லுது. கேள்வி கேக்கறது ஒண்ணுதான் வித்தியாசம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. பிரின்சிபால் கணிதத்தில் ஏதேதோ கேட்டார். என் கணவர் தடுமாறாமல் சொன்னார். இடையிடையே தண்ணீர் கேட்டுக் குடித்தார். காலையிலிருந்து அவருக்கு உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற பதற்றம் என்று அவரே சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு கனத்த குரல். கல்லூரியின் செக்ரட்டரி, தோல் வியாபாரி அமீர் பாஷா.

"ஹயாத் பாஷா, எம்.ஏ. படிச்சிட்டு ஷாப்புல இன்னா பண்றீங்க?"

"கணக்கு எழுதறேன் ஜனாப்."

"நம்ம கணக்க எழுத எம்.ஏ.வும் பத்தாதே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிப்பும் அதில் கேட்டது. வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கணக்கு மட்டும்தானா? தோல் தூக்கினது உண்டா?"

"ஒரு நாள் மழை வந்துடுச்சு ஜனாப். வெளிய பச்சத் தோல் கெடந்துச்சு, ஆளுங்க கம்மி. நானும் தூக்கினேன்."

"எந்தப் பக்கம் வெச்சுத் தூக்கினீங்க?"

"வலது பக்கம்."

"அந்தக் கொக்கிய எடுங்க."

"ஜனாப், இது இன்டர்வியூவா, தோல் மண்டியா?" என்றார் பிரின்சிபால்.

"எடுங்க தம்பி, பாக்கலாம்."

என் கை திரையைப் பிடித்துக்கொண்டது.

"சுண்ணாம்பு தெறிச்சிருக்கும் ஜனாப். ஒட்டுற நோய் ஒண்ணும் இல்ல. பசங்க பக்கத்துல நின்னு பாடம் நடத்தலாம்" என்றார் அவர். வேலை போய்விடுமோ என்ற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

"எரியுதா?"

"இல்ல ஜனாப். எரிச்சல் கொஞ்சம்கூட இல்ல. கிள்ளினாலும் தெரியாது."

நல்ல பதில் சொல்லிவிட்டவர் போலச் சொன்னார். உள்ளே நாற்காலிகள் பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது.

நான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். "அம்மா, அம்மா!" என்று வேதாசலம் கூப்பிட்டது காதில் விழுந்தது. அந்நிய ஆண்கள் நடுவில் அதுவரை நான் போய் நின்றதில்லை. கதவருகே போனபோது அமீர் பாஷா மட்டும் அவர் பக்கத்தில் நின்று காலரை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து தாடைவரை வீங்கியிருந்தது.

"எரியுதுன்னீங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். எல்லார் முன்னாலும் கூச்சப்பட்டு, மெதுவாக, "நீ ஊதுவியேன்னு சொன்னேன்" என்றார்.

செக்ரட்டரி தன் மோட்டாரை வரவழைத்தார். எங்களை ஏற்றிக்கொண்டு அவரே வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியில் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. மாதனூர் தாண்டும்போது என் கணவர் கண்ணைத் திறந்தார்.

"ஜனாப், வேலை..."

"ஒனக்குத்தான். மொதல்ல கழுத்தச் சரி பண்ணிக்கோ."

"கேட்டியா ரஃபத்?" என்றார். அவர் கையைப் பிடித்திருந்தேன்.

இதற்கான சீரம் மதராஸிலிருந்து வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். தந்தி கொடுத்தார்கள். நான் வராந்தாவில், வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்து வந்தது. அப்போது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் முன் போய்விட்டார். ஜும்மா தொழுகைக்குப் பிறகு ஆம்பூரில் அடக்கம். வாணியம்பாடியிலிருந்து கணித வகுப்புப் பிள்ளைகள் ரயிலில் வந்திருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. புது வாத்தியார் என்று செக்ரட்டரி சொல்லியனுப்பியிருந்தாராம். தோள் மாற்றித் தோள் மாற்றி அவர்கள்தான் தூக்கிப் போனார்கள் என்று அத்தா வந்து சொன்னார்.

பிள்ளைகள் தங்கள் விடுமுறை நாளில் வந்திருந்தார்கள்; அந்தக் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. இன்றும் அப்படித்தான்.