போய்ச் சேராத தகவல்கள்

டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் அது, தைவானின் காவோஷியுங் நகரத்தில். காலையில் நிரலாளர் யுன்ரூ ஏற்றிய புதிய நிரல், வீட்டு எண் இல்லாத முகவரிகளை ஏற்க மறுத்தது. மருத்துவமனைகள் அனுப்பிய வண்டிப் பதிவுகள் கிளவுட் வரிசையில் திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்துவிட்டு, தோற்றவை ஒதுங்கும் தனி வரிசையில் போய்க் குவிந்தன. மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதுதான் அவள் கவனித்தாள். பெட்டியை அப்படியே மூடிவிட்டாள்.

பிழையைச் சரிசெய்தாயிற்று. குவிந்தவற்றைத் திரும்ப அனுப்ப வேண்டும்.

"என்னத்த பாத்துக்கிட்டு இருக்க? மொத்தமா தள்ளிவிடு," என்றார் குழுத் தலைவர் கோ.

"பாதிப் பேருக்கு நர்சுங்க போன்லயே வேற வண்டி சொல்லியிருப்பாங்கண்ணே. ஒரே வாசல்ல ரெண்டு வண்டி நிக்கும். இன்னொருத்தருக்கு ஒண்ணும் இருக்காது."

"தள்ளாட்டி எவனுக்குமே இருக்காது."

பக்கத்து மேசை ஷூஃபென் சிரித்தாள். "சர்வர் மேல பச்சைப் பாக்கெட் நொறுக்குத்தீனி வச்சா கோளாறு பண்ணாம சமத்தா இருக்கும்பாங்க நம்ம ஊர்ல. நம்ம சர்வர் எந்த ஊர்லன்னே தெரியல, எங்க போய் வைக்க?"

யுன்ரூவுக்குச் சிரிப்பு வரவில்லை. குவியலில் மேலே இருந்தது லியாவ் என்ற பெரியவரின் பதிவு. மேய்னோங் என்ற ஊரில் தனியாக இருப்பவர். போன முறையும் சிகிச்சைக்கு வரவில்லை. அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

அவசரமாக ஒரு வடிகட்டி எழுதினாள்: ஒருவருக்கு அன்று ஏற்கெனவே வண்டி இருந்தால் அடுத்த பதிவை நிறுத்தி வை. லியாவின் பதிவை முதலில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. பிறகு மற்றவை.

கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் அச்சின் அழைத்தான். "பெரியவர் வாசல்லயே ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காருக்கா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வந்ததுலேர்ந்து என்னையத்தான் திட்டறாரு. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

"ஏம்மா, கூட்டிட்டுப் போறது சரி," என்றது கரகரத்த குரல். "திரும்பக் கொண்டாந்து விட வண்டி இருக்கா?"

யுன்ரூ நிறுத்திவைத்த பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அதே ஆள், அதே நாள், இரண்டாவது பதிவு. வீடு திரும்பும் பயணங்கள் அத்தனையையும் அவளுடைய வடிகட்டி பிடித்து வைத்திருந்தது.

"மிச்சமெல்லாம் ரெட்டைப் பதிவுதானே? அழிச்சிடறேன்," என்று கோ தன் கணினியில் நிறுத்திவைத்த பதிவுகளின் வரிசையைத் திறந்திருந்தார்.

"அண்ணே, கைய எடுங்க!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கோ நிஜமாகவே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

அவள் காரணம் சொன்னதும் அவர் வாதாடவில்லை. நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தார். அவள் பெயர் பெயராகப் படித்தாள், அவர் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சரிபார்த்தார். ஃபெங்ஷான் பகுதியில் ஒரு வீட்டு வாசலில், நர்ஸ் போனில் சொன்ன வண்டியும் இவர்கள் அனுப்பிய வண்டியும் ஒன்றாக வந்து நின்ற தகராறும் அவர் தலையில்தான் விழுந்தது.

"பெரியவரோடதும் சேத்து, திரும்பற வண்டியெல்லாம் அனுப்பிட்டேன்," என்றாள் யுன்ரூ கடைசியில். "ஆனா இன்னொரு தடவ பாத்துடலாம்ணே."

"பாரு," என்றார் கோ.