எழுதித் தர மாட்டேன்

கடை திறப்பதற்கு முன்னாலேயே என் கடை மேல் புகார் வந்துவிட்டது. பெயர்ப்பலகை மாட்டவில்லை, ஒரு கோப்பை காபி விற்கவில்லை, அதற்குள் புகார். இப்படி ஒரு ராசி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நகராட்சி அலுவலகத்து எழுத்தர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தண்ணீர்ச் சான்று இருந்தது. தீயணைக்கும் கருவி வாங்கிய ரசீது இருந்தது. கை கழுவத் தனித் தொட்டி வேண்டும் என்று போன முறை திருப்பி அனுப்பினார்களே என்று, சுவரை உடைத்துக் குழாய் இழுத்துத் தொட்டியும் வைத்து, அதன் படத்தையும் ஒட்டியிருந்தேன்.

"மேல்வீட்டுக்காரரோட சம்மதம் இல்லையேம்மா," என்றார்.

"அது எதுக்கு சார்?"

"கீழ கடை, மேல குடியிருப்புன்னா அவங்க கையெழுத்து வேணும். அவர் வேற இங்க வந்து சத்தம் தாங்கலன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. இல்லன்னா மறுபடி முதல்ல இருந்து எழுதணும், மூணு மாசம் ஆகும்."

கடைக்கு அறையை வாடகைக்கு விட்டவர் மூன்று மாதம் காத்திருப்பாரா? போன் உறை விற்கிற ஒருவன் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, என் கண் முன்னாலேயே நாடாவால் என் சுவரை அளந்துவிட்டுப் போயிருக்கிறான். அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இருந்தது மூன்று நாள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாடி அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் காபி போட்டவள். சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அது எவ்வளவு தாழ்வு என்றால், அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு என் கை மட்டும்தான் தெரியும், அதுவும் முழங்கை வரை. கோப்பையை வைத்து, கரண்டியால் பலகையில் மூன்று முறை தட்டுவேன். யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து கூப்பிடக் கூடாது, அதிகாரிகள் சாப்பிடும் இடத்தில் சமையல்காரி குரல் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தக்காரரின் சட்டம். போன வருடம் பொத்தானை அமுக்கினால் காபி ஊற்றும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். எங்களை அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாள், கடை வைக்கப் போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அந்த ஆள் சிரித்தான். "உங்க முகம் யாருக்கும்மா தெரியும்? கையத்தானே பாத்திருக்காங்க."

அதுவரை கடை என்பது சும்மா பேச்சு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அது வீம்பு.

ஜெராக்ஸ் கடையாக இருந்த ஓர் அறையைப் பிடித்தேன். ஏழடி அகலம், பன்னிரண்டடி நீளம், நாலு ஸ்டூல். அறையின் நடுவில் நிற்கும் தூண் நேராக மேல்வீட்டுக்குப் போகிறது. அந்தத் தூணோடு சேர்த்துத்தான் காபி வைக்கிற பலகையை முடுக்கினோம். எல்லாம் முடிந்த பிறகுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. நாற்பது லிட்டர் அண்டாவில் காபி போட்ட கைக்கு ஒரு கோப்பை காபி போடத் தெரியவில்லை. சிரிக்க வேண்டாம், கொஞ்சமாகச் செய்வது அவ்வளவு சுலபம் இல்லை. முதல் கோப்பை கஷாயம், இரண்டாவது கழுநீர். அதனால் ஒரு வாரமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நின்று, ஒரு கோப்பை, இன்னொரு கோப்பை என்று பழகிக்கொண்டிருந்தேன். புகார் வந்தது இதனால்தான்.

எழுத்தரிடமிருந்து நேராக மாடிப்படி ஏறினேன். மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும், தனியாள். விரல் நகங்களில் மை.

"நான் அச்சகத்துல ராத்திரி ஷிப்டுக்கா. காலைல ஆறு மணிக்குத்தான் வந்து படுக்கிறேன். ஏழு மணிக்கு நீங்க ஆரம்பிச்சிடறீங்க. அந்தச் சத்தம் இருக்கே…"

"புரியுது தம்பி. காபிக்கொட்டை அரைக்கிற மெஷின்தானே? நாளைக்கு அது சத்தம் போடுதான்னு பாருங்க, போடலன்னா கையெழுத்து போட்டுக் குடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். அடுத்தவர் பேச்சைப் பாதியில் பிடுங்கி நானே முடிப்பது எனக்குப் பழைய வியாதி.

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மத்தியானம் ஓய்வு நேரத்தில் வந்து அரைக்கும் இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் விரித்து, சுற்றிப் பலகை அடித்து, பழைய போர்வையையும் போர்த்திவிட்டார். காய்ச்சல்காரனைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. சத்தம் கொசு அளவுக்கு இறங்கிவிட்டது. புதன்கிழமை காலை நிம்மதியாகப் பதினோரு கோப்பை போட்டுப் பழகினேன். ஷட்டரை இறக்கப் போனால் வாசலில் ஒரு சீட்டு கிடந்தது. "சத்தம் குறையவே இல்லை. கையெழுத்து கேட்டு வராதீர்கள்."

எனக்கு வந்ததே கோபம். குறையவே இல்லையா? காதா அது, என்ன அது? சரி, இயந்திரமே வேண்டாம் என்று, தெரிந்த வீட்டில் கைப்பிடி சுற்றி அரைக்கிற கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை காலை ஒன்பது கோப்பைக்குக் கையாலேயே அரைத்தேன். தோள்பட்டை கழன்று விழாத குறை. கடைசிக் கோப்பை மட்டும் எனக்கே பிடித்த காபியாக வந்தது. அதை வாயில் வைக்கும்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார் மேல்வீட்டுக்காரர். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு என்னதான்க்கா வேணும்?"

"உங்க கையெழுத்து வேணும். மெஷினையே நிறுத்திட்டேன், இதோ பாருங்க, கையால அரைக்கிறேன். இனி மூச்சு விடறதையும் நிறுத்தணுமா?"

"மெஷின யார் நிறுத்தச் சொன்னா? ராத்திரி பூரா நான் மெஷின் பக்கத்துலதான் நிக்கிறேன். அது ஓடிட்டே இருந்தா எனக்கு நல்லாத் தூக்கம் வரும். நான் சொல்றது நீங்க தட்டறத."

"எதைத் தட்டறேன்?"

"டொக், டொக், டொக். யாரோ கதவத் தட்டறாங்கன்னு எழுந்து போய்த் திறக்கிறேன், யாரும் இல்ல. வந்து படுத்தா மறுபடியும் டொக், டொக், டொக். இன்னைக்கு மட்டும் ஒன்பது தடவ கதவத் திறந்துட்டேன்க்கா. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"நான் எதையும் தட்டல."

"இந்தப் பலகைல இருந்துதான் தூண் வழியா வருது."

"தட்டலன்னு சொல்றேன்ல தம்பி. கடை வேணாம்னா வேணாம்னு நேராச் சொல்லுங்க. கதை கட்டாதீங்க."

"வேணாம். போதுமா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நானும் ஷட்டரை இழுத்துச் சாத்தினேன். அந்தச் சத்தம் வேண்டுமானால் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு அண்ணன் வந்திருந்தான். முன்னறையில் அவனும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்க, நான் சமையலறையில் இருந்தபடியே நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"விட்டுத் தொலைம்மா. எங்க கம்பெனில பெட்டி கட்டற வேலை காலியா இருக்கு. உள்ளயே உட்கார்ந்து செய்யலாம், வெயில் இல்ல, அலைச்சல் இல்ல."

"இருபத்திரண்டு வருஷம் உள்ளயேதானே இருந்தேன். போதாதா?"

"நல்லதுக்குச் சொன்னா உனக்கு ஏறாது."

"ஏறாதுதான். அந்த ஆளு என்னடான்னா தட்டறேன், தட்டறேன்னு பொய் சொல்றான். நான் எங்க தட்டினேன்?"

இரண்டு பேரும் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "இப்பக்கூடத் தட்டினியே," என்றார்.

"எப்ப?"

"இப்பதான். அதனாலதானே வந்து உட்கார்ந்தோம்."

"நீங்களும் சேர்ந்து விளையாடாதீங்க."

"இல்லம்மா, தட்டின," என்றான் அண்ணன். "மாப்பிள்ள எழுந்தாரு, சரி சாப்பாடு ஆயிடுச்சு போலன்னு நானும் எழுந்தேன்."

என் கையைப் பார்த்தேன். கரண்டி அதில்தான் இருந்தது. சமையல் மேடையின் ஓரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். பாத்திரம் விழுந்து உடைந்த இடம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டேன்.

"நீ கேன்டீன்ல சேர்ந்ததுல இருந்து," என்றார் அவர். "நீ கூப்பிடறதே அப்படித்தான்னு நினைச்சேன். சாப்பாடு நேரத்துக்கு வருது, இதுல கேக்க என்ன இருக்கு?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. கட்டிய புருஷனைச் சாப்பிட வாங்க என்று ஒருநாள்கூட நான் வாயால் கூப்பிட்டதில்லை. அந்த ஒப்பந்தக்காரன் போட்ட சட்டத்தை என் வீட்டு அடுப்படி வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மாடிப்படி ஏறினேன். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், காலில் ஷூ இருந்தது.

"தட்டினது நான்தான் தம்பி," என்றேன். "எனக்கே தெரியாம தட்டியிருக்கேன். உங்களப் பொய் சொல்றீங்கன்னு சொன்னது என் தப்பு." பிறகு திறப்பு, கரண்டி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்க்கா ஆபீசுக்குப் போறேன்? குடுங்க, போடறேன். தட்டாம இருந்தாச் சரி."

எழுத்தர் கொடுத்திருந்த சம்மதக் காகிதத்தை அவர் வீட்டு ஸ்டூல் மேல் விரித்தோம். முதலில் நான் போட வேண்டும், அதற்குக் கீழே அவர். நான் போட வேண்டிய இடத்துக்கு மேல் ஒரு வரி அச்சாகியிருந்தது. "மேல்தளத்தில் குடியிருப்போருக்கு எந்தச் சத்தமும் கேட்காதவாறு கடை நடத்துவேன் என உறுதி கூறுகிறேன்."

பேனாவை வைத்த இடத்திலேயே என் கை நின்றுவிட்டது.

"இதுல நான் கையெழுத்து போட மாட்டேன்," என்றேன்.

"என்னக்கா இது? நானே சரின்னுட்டேன். சும்மா ஒரு வரி, போட்டுட்டுப் போங்க."

"கேன்டீன்லயும் சும்மா ஒரு வரின்னுதான் சொன்னாங்க. தட்ட மாட்டேன்னு எழுதித் தர்றேன் தம்பி. சத்தமே போட மாட்டேன்னு எழுதித் தர மாட்டேன். காபி ஆனா, வர்றவங்கள வாயால கூப்பிடுவேன். அது உங்களுக்கும் கேக்கும். மறைக்காம சொல்லிட்டேன். பிடிக்கலன்னா நீங்களும் போடாதீங்க."

கடை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் பேனாவை மூடிவிட்டேன்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எவ்வளவு சத்தமாக் கூப்பிடுவீங்க?"

"தெரியல. இதுவரைக்கும் கூப்பிட்டதில்ல."

"அப்ப கீழ போய்க் கூப்பிட்டுக் காட்டுங்க. நான் படுத்துக்கிட்டுக் கேக்கறேன். ஒத்துவருதான்னு பாப்போம்."

இறங்கினேன். ஷட்டரை முழுசாகத் தூக்கினேன். பலகைக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தால், பாழாய்ப் போன குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கை தானாகக் கரண்டியைத் தேடியது. அதை எடுத்துக் கை கழுவும் தொட்டிக்குள் போட்டேன்.

"காபி," என்றேன்.

"கேக்கல," என்றார் மேலிருந்து.

"காபி ரெடி."

"என்னக்கா, எனக்குச் சொல்றீங்களா, உங்களுக்கே சொல்லிக்கறீங்களா?"

ரோஷம் வந்துவிட்டது. தெருவைப் பார்த்து, நெஞ்சிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். "காபி ரெடி! வந்து வாங்கிக்கோங்க!" எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. செய்தித்தாள் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். என் குரல் இவ்வளவு கனமானது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

மேலே பதில் இல்லை. பலகையைத் துடைத்தேன், கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். போச்சு, பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு படி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. மனுஷன் ஒரு ஷூவைக் கழற்றி, ஒன்றைக் காலிலேயே வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூல் மேல் காகிதம். 'எந்தச் சத்தமும்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேல் பொடி எழுத்தில் 'தட்டும் சத்தம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் விரல் மை காகித ஓரத்தில் ஒட்டியிருந்தது. நானும் என் இடத்தில் போட்டேன்.

எழுத்தருக்கு அது பொறுக்குமா? "அச்சடிச்ச வரிய இப்படி அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா. புதுசா ஒண்ணு வாங்கி, அப்படியே கையெழுத்து போட்டுக் கொண்டு வாங்க," என்றார்.

"யாருக்குச் சத்தம் கேக்குமோ, அவரே திருத்தி, அவரே சம்மதம் சொல்லிக் கையெழுத்து போட்டிருக்கார். அவருக்கு இல்லாத கஷ்டம் உங்களுக்கு என்ன சார்?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"சத்தம் போடாதீங்கம்மா. இது ஆபீஸ்."

"அதத்தான் சார் எழுதித் தர மாட்டேன்னு சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கடை திறந்தேன். அரைக்கிற இயந்திரத்தின் போர்வையைக் கழற்றிவிட்டேன், அவர் தூங்க அது வேண்டுமாம். முதல் ஆளாகச் செய்தித்தாள் போடுகிறவர் வந்து, காபி கேட்டுவிட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோப்பையைப் பலகையில் வைத்ததும் என் கை கரண்டிக்குப் போனது. போன கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "காபி ரெடி, வந்து வாங்கிக்கோங்க," என்று கூப்பிட்டேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். அப்போது பலகையில் கோப்பையே இல்லை.