பதினோராவது மாதம்

மகளுக்கான நாலாயிரம் ரூபாய் இந்த மாதமும் சுகன்யாவின் கணக்குக்கு வந்தது. செய்யாறிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் செய்தியைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் துர்கா அவளிடம் இல்லை. பதினோரு மாதமாகச் சேவூரில் அப்பா ஜெயக்குமாருடன் இருக்கிறாள்.

விவாகரத்தின்போது, குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா மாதம் நாலாயிரம் தரட்டும் என்றது கோர்ட். ஜெயக்குமார் கையில் பணம் தங்காது. அவனே ஒரு வழி செய்தான். மாதத்தின் முதல் புடவையை நெய்து கொண்டுபோய்ப் போடும்போது, முதலாளி வேணுகோபால் கூலியில் நாலாயிரத்தைப் பிடித்துக்கொண்டு சுகன்யாவுக்கு அனுப்பிவிடுவார். தறிக்காரனுக்குக் கூலியில் பிடித்தம் புதிதல்ல. மீதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

சுகன்யாவுக்கு நைட் ஷிப்ட் போட்டதும் துர்கா சேவூருக்குப் போனாள். பிடித்தம் நிற்கவில்லை. அந்த மாதமே சுகன்யா வக்கீலிடம் கேட்டாள்.

"மனு போட்டு உத்தரவ மாத்தணும்மா. அவருகிட்ட சொல்லிடுங்க."

அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தாள். வீட்டு வாடகை ஏறியது. அடுத்த மாதமும் அப்படியே நினைத்தாள்.

சனிக்கிழமை துர்கா போன் செய்தாள்.

"ம்மா, ஸ்கூல்ல ரெண்டாயிரம் கட்டணும். அப்பா உன்கிட்ட கடனா கேக்கச் சொன்னாரு. அவரு கேக்கக் கூச்சப்பட்டுகினு அங்க உக்காந்துகினு கீறாரு."

"அனுப்பறேன்."

"அடுத்த புடவ போட்டதும் குடுத்துடுவாராம். தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு."

ஞாயிறு காலை சுகன்யா வேணுகோபால் வீட்டுக்குப் போனாள். இனிமேல் பணம் பிடிக்க வேண்டாம் என்றாள்.

"நான் எப்டிம்மா நிறுத்தறது? கோர்ட்டு சமாச்சாரம். அவன் வந்து சொல்லட்டும்." சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. என் போனுதான் உங்களுக்காகப் பேசிகினு கீது."

ஜெயக்குமாருக்குக் காரணம் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் அங்கே போயிருந்தாள்.

டவுன் பஸ் ஏறிச் சேவூர் போனாள். ஜெயக்குமார் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். துர்கா பக்கத்தில் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவள கொஞ்சம் வெளிய அனுப்புங்க."

"ஏன், அவளுக்குத் தெரியாம இன்னா பேசப்போற?"

சுகன்யா நின்றபடியே சொன்னாள். துர்கா இங்கே இருக்கும்போது அந்த நாலாயிரம் அவன் தர வேண்டியதில்லை என்றாள்.

தறிச் சத்தம் நின்றது.

"அத்த நிறுத்தலாமா? பதினெட்டு வயசு வரைக்கும் குடுக்கணும்னு நெனச்சிகினு இருந்தேன்."

"மனு போட்டா நிறுத்தலாம்."

"யாரு சொன்னா?"

"வக்கீலு."

"எப்போ?"

பொய் சொல்ல இடம் இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"இவ இங்க வந்த மாசமே."

துர்கா காகிதத்தை மடிப்பதை நிறுத்தினாள்.

"அப்போ நேத்து நீ கடன்னு அனுப்புன ரெண்டாயிரம் அப்பாவோடதுதானா?"



"அம்மாவுக்குத் தண்ணி எடுத்துகினு வா" என்றான் ஜெயக்குமார்.

துர்கா எழுந்திருக்கவில்லை. அவனே குழியிலிருந்து ஏறி உள்ளே போனான்.